லாரி ஏறும் வீட்டுக்கு எந்த டேப், எந்த கம்பவுண்ட்?

கேள்வி: வாலாஜாபேட்டையில் ஷெட் போட்டு ரெடிமேட் வீடு செய்து அனுப்புகிறோம். இரும்புச் சட்டம், வெளியே சிமென்ட் போர்டு, உள்ளே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. ஒரு யூனிட் 20க்கு 8 அடி, உயரமும் 8 அடி. இரண்டு யூனிட் சேர்ந்தால் ஒரு காட்டேஜ். ஷெட்டில் இருக்கும்போது சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஏலகிரி ஏற்றி இறக்கி வைத்ததும் கதவு மூலையிலும் சீலிங் ஜாயின்ட்டிலும் விரிசல் விட்டுவிடுகிறது. பின்னால் பசை உள்ள வலை டேப்பும், பெயின்ட் கடையில் கிடைக்கும் வெள்ளை சிமென்ட் பட்டியும்தான் போடுகிறோம். பேப்பர் டேப்புக்கு மாறலாமா? ஜாயின்ட்டை அடைத்து மூடும் கம்பவுண்டை ரெடிமிக்ஸ் டப்பாவாக வாங்குவதா, பவுடர் மூட்டையாக வாங்குவதா? வாரம் ஒரு காட்டேஜ் வெளியே போக வேண்டும். காயட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்க முடியாது.
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: மாறுங்கள். ஜாயின்ட்டுக்குப் பேப்பர் டேப், அதைப் பதிக்கிற முதல் கோட்டுக்கு (பூச்சுக்கு) இறுகும் வகை ஜாயின்ட்டிங் கம்பவுண்ட், கடைசிக் கோட்டுக்கு மட்டும் உலரும் வகை. இந்த ஜோடிதான் பயணம் போகிற வீட்டுக்குத் தோதானது. ஆனால் டேப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பட்டியையே தொடர்ந்தால் அடுத்த லோடும் இதே கதிதான். கதவு மூலை விரிசலில் பெரும்பகுதி போர்டு வெட்டின விதத்திலும் யூனிட்டைத் தூக்கின விதத்திலும் பிறக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம், முதலில் பட்டி.

வெள்ளை சிமென்ட் பட்டி, பூசின சுவரின் சொரசொரப்பை மறைக்க மெல்லிசாக இழுக்கிற பொருள். அதில் இருக்கும் சிமென்ட் பலம் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். ஜிப்சம் போர்டின் மேல்தாளோ அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமென்ட் பாதி வெந்த சோறு போல நின்றுவிடுகிறது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், இழுத்தால் தாங்காது. அதற்குள் இருக்கும் வலையோ கொஞ்சம் இழுபடக்கூடியது. சட்டம் அசைந்ததும் வலை இழுபட்டுக் கொடுக்கிறது, மேலே உள்ள பட்டி கொடுப்பதில்லை. அப்படித்தான் டேப்பின் நடுவே நேர்கோடாக விரிசல் விழுகிறது. சில ஆசாரிகள் இதற்கு மாற்றாக வெறும் பி.ஓ.பி.யைக் குழைத்து அடிக்கிறார்கள். அது கால்மணி நேரத்திலேயே இறுகிவிடும், தாளைப் பிடிக்கிற பிசினும் அதில் கிடையாது. இரண்டுமே ஜாயின்ட்டுக்கு வேண்டாம்.

கம்பவுண்ட் இரண்டு ஜாதி. உலரும் வகையில் சுண்ணாம்புக்கல் பவுடரும் பிசினும் இருக்கும். தண்ணீர் ஆவியாகப் போனால்தான் கெட்டிப்படும்; போகிற தண்ணீரின் இடம் காலியாவதால் சுருங்கவும் செய்யும். டப்பாவில் வரும் ரெடிமிக்ஸ் எல்லாம் இந்த ரகம். இறுகும் வகையில் ஜிப்சமே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் படிகமாக மாறி, லேசாகச் சூடேறி, மூட்டையில் போட்டிருக்கிற நேரத்துக்குள் கல் மாதிரி ஆகிவிடும். சுருக்கம் மிகக் குறைவு, பலம் அதிகம், உப்புத்தாள் தேய்ப்பதுதான் கஷ்டம். இது பவுடராக மட்டுமே கிடைக்கும்.

பவுடர் மூட்டை எல்லாமே இறுகும் வகை என்று நினைத்துவிடாதீர்கள். உலரும் வகையும் பவுடராக வருகிறது, கடைக்காரருக்கே பல நேரம் வித்தியாசம் தெரியாது. மூட்டையின் பின்பக்கம் இறுகும் நேரம் நிமிடக் கணக்கில் போட்டிருக்கிறதா, அடுத்த கோட்டுக்கு 24 மணி நேரம் என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கைப்பிடியைக் குழைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளேயே கட்டியாகிவிட்டால் இறுகும் வகை. மறுநாளும் களியாகவே இருந்தால் உலரும் வகை. புது பிராண்டு எது வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலையில் இறக்க வேண்டாம்.

இனி டேப். பேப்பர் டேப் சுமார் 2 அங்குல அகலம், நடுவில் மடிப்புக்கோடு ஓடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடாது. கம்பவுண்டில் முழுசாக ஊறிப் பதிந்துவிட்டால் இரண்டு போர்டையும் ஒரே தகடாகப் பிடித்துக்கொள்ளும். கோணத்தில் மடிக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. அதன் பலவீனம் ஒன்றுதான்: அடியில் கம்பவுண்ட் போதாமல் போனால் அந்த இடம் ஒட்டாமல் காற்றுக் கொப்புளமாக எழும்பும். வலை டேப்பில் கொப்புளம் வராது, ஒட்டுவது சுலபம், கைப்பழக்கம் இல்லாத ஆளும் வேகமாகப் போட்டுவிடுவார். அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் அதன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் ஜாயின்ட் விரிகிற திசையிலும், மூலைவாக்கிலும் கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட மேலே இறுகும் வகை கம்பவுண்ட் கட்டாயம் வேண்டும். வலை டேப்போடு ரெடிமிக்ஸ் சேர்ந்தால் அசையாத வீட்டிலேயே விரிசல் வரும். மலைப்பாதையில் குலுங்கிப் போகிற வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். பேப்பர் டேப்புக்கு அந்த நிபந்தனை இல்லை, இரண்டு வகையும் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் உங்களுக்கு இறுகும் வகையைச் சொல்வதற்குக் காரணம் வேகமும் பலமும்.

நெய்யாத கண்ணாடி நாரில் செய்த மூன்றாவது ரகம் ஒன்றும் இருக்கிறது. கம்பவுண்ட் அதன் ஊடாகப் புகுந்து வருவதால் கொப்புளம் எழாது. ஆனால் கோணத்தில் பூசுகிற தகடு பட்டால் சட்டென்று கிழிந்துவிடும். வேலூரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பேப்பர் டேப்பில் ஆட்களுக்குக் கை வந்தபிறகு இதை யோசிக்கலாம்.

வேலை முறைக்கு வருவோம். ஜிப்சம் போர்டின் நீளப் பக்க ஓரங்கள் லேசாகச் சரிந்து பள்ளமாக இருக்கும். இரண்டு சரிவும் சந்திக்கிற பள்ளம் டேப்பையும் கம்பவுண்டையும் வாங்கிக்கொள்ளத்தான். கடையில் சரிவு ஓரம் உள்ள போர்டு என்று கேட்டு வாங்குங்கள். நேர் ஓரம் உள்ள போர்டில் எவ்வளவு நல்ல டேப் போட்டாலும் மேடு தெரியும். உங்கள் சுவர் 8 அடி உயரம், போர்டும் 8 அடி. நிறுத்திப் போட்டால் சுவரில் குறுக்கு ஜாயின்ட்டே வராது. சீலிங்கில் 8 அடிப் போர்டை அகலவாக்கில் போட்டால் அங்கேயும் எல்லாம் சரிவு ஓர ஜாயின்ட்டுகள்தான். வெட்டின ஓரங்கள் முட்டுகிற இடம் வந்தே தீரும் என்றால் ஓரத்துத் தாளைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டு, கம்பவுண்டை ஒன்றரை அடி அகலத்துக்கு இழுத்துச் சரிவாக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி உள்ள ஜாயின்ட்டை முதல்நாளே இறுகும் வகையால் அடைத்துவிடுங்கள். டேப்பை வெறும் சந்தின் மேல் ஒட்டக் கூடாது.

சுத்தமான தண்ணீரில் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகச் சுற்றும் மிக்ஸர் தடியால் கலக்குங்கள். வேகமாகச் சுற்றினால் காற்று ஏறி, காய்ந்தபின் ஊசிமுனை ஓட்டைகளாகத் தெரியும். இறுகும் நேரத்தில் பாதிக்குள் தீருகிற அளவு மட்டும் குழையுங்கள். பக்கெட்டில் ஒட்டியிருக்கிற பழைய துகள் புதுக் கலவையை முன்கூட்டியே இறுக்கிவிடும். ஒவ்வொரு முறையும் பக்கெட், தடி, தகடு மூன்றையும் கழுவித்தான் ஆக வேண்டும். இறுக ஆரம்பித்ததை மறுபடி தண்ணீர் விட்டு இளக்கிப் பூசுவதுதான் ஆட்கள் செய்கிற பெரிய திருட்டு. அப்படிப் பூசினது சாக்பீஸ் போல உதிரும்.

பள்ளம் நிறைய 1.5 முதல் 2 மி.மீ. கனத்துக்குக் கம்பவுண்ட் பூசி, டேப்பின் மடிப்புக்கோட்டை ஜாயின்ட்டின் நேர்மேல் வைத்து, 6 அங்குலத் தகடால் நடுவிலிருந்து வெளியே இழுங்கள். அடியில் ஒரு மி.மீ. போல் நின்று, ஓரங்களில் கொஞ்சம் பிதுங்கி வந்தால் சரியான அழுத்தம். எதுவும் பிதுங்கவில்லை என்றால் அடியில் சரக்கு இல்லை, நாளை அங்கே கொப்புளம் வரும். பிதுங்கியதை அந்தக் கையோடே டேப்பின் மேல் மெல்லிசாக இழுத்து மூடிவிட வேண்டும். அடுத்த கோட்டு 8 முதல் 10 அங்குல அகலம், கடைசிக் கோட்டு ஒரு அடி. இறுகும் வகையில் மேடு விட்டால் உப்புத்தாள்தான் தேயும். அரைகுறையாக இறுகியிருக்கும்போதே தகடால் சீவிவிடுங்கள். கடைசிக் கோட்டை உலரும் வகையில் போடச் சொன்னதும் தேய்க்கிற வசதிக்காகத்தான்.

உங்கள் வாரக் கணக்குக்கு இது போதும். காலையில் டேப் பதித்தால் மதியத்துக்குமுன் இரண்டாம் கோட்டு, அதுவும் இறுகும் வகையிலேயே. மறுநாள் காலை உலரும் வகையில் கடைசிக் கோட்டு. மூன்றாம் நாள் 150 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர். தேய்க்கிறவர் முகக்கவசம் போட வேண்டும், துண்டு கட்டினால் போதாது.

இந்தக் கணக்கைக் கெடுக்கிற ஆள் வேலூர் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊரில், தகரக் கூரை ஷெட்டுக்குள், ஆட்களுக்காகப் பெரிய ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். இறுகும் வகை படிகமாக மாற அதற்குள் தண்ணீர் இருந்தாக வேண்டும். இறுகுவதற்குமுன் அனல்காற்று தண்ணீரைத் தின்றுவிட்டால் அது இறுகுவதே இல்லை, வெறும் மாவாக நிற்கும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக உதிரும், டேப்பின் ஓரம் நகத்துக்கே எழும்பி வரும். மேலே இன்னொரு கோட்டுப் போட்டு இதைக் காப்பாற்ற முடியாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். வெயில் காலத்தில் நிதானமாக வேலை செய்யலாம் என்று 90 நிமிட ரகத்தை வாங்குவது வழக்கம். அது தலைகீழ். நேரம் கூடக்கூட வெயில் முந்திக்கொள்ளும். 30 முதல் 45 நிமிட ரகத்தை எடுத்து, கலவையைச் சிறுசாகக் குழைத்து, விடிகாலையில் டேப் வேலையைத் தொடங்குங்கள். காற்று அடிக்கிற பக்கம் ஷெட்டில் தார்ப்பாய் கட்டுங்கள். இறுகும்வரை ஃபேன் சுவரைப் பார்க்கக் கூடாது. இறுகியபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். வெட்டின ஓரங்களை ஈரத் துணியால் ஒருமுறை ஒற்றிவிட்டால் முதல் கோட்டின் தண்ணீரை அவை குடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. உலரும் வகைக்கு மூட்டையில் போட்ட 24 மணி நேரம் இரண்டு மூன்று நாளாகிவிடும். அடியில் ஈரம் இருக்கும்போதே மேல் கோட்டை இழுத்தால், வீடு மலை ஏறியபிறகு அது சுருங்கி ஜாயின்ட் குழிவிழும். மழை மாதங்களில் மூன்று கோட்டையும் இறுகும் வகையிலேயே முடித்துவிடுங்கள். தேய்க்கிற கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, வாலாஜா சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கரைந்திருக்கிற உப்பு ஜிப்சம் இறுகும் நேரத்தைக் குறைத்துவிடும், காய்ந்தபின் பிரைமருக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். 45 நிமிட மூட்டை 20 நிமிடத்தில் இறுகுகிறது என்று கம்பெனியோடு சண்டை போடுவதற்குமுன் கேன் தண்ணீரில் ஒரு முறை குழைத்துப் பாருங்கள். குடிக்க முடிகிற தண்ணீர்தான் இதற்கும்.

இனி கதவு மூலை. கதவு நிலையின் செங்குத்துக் கோட்டிலேயே போர்டு ஜாயின்ட் வந்தால், எந்த டேப்பும் அங்கே நிற்காது. வீடு குலுங்கும்போது திறப்பின் மூலையில்தான் இழுவிசை குவியும்; அதே இடத்தில் ஜாயின்ட்டும் இருந்தால் விரிசலுக்கு நாமே வழிகாட்டிவிடுகிறோம். முழுப் போர்டைக் கதவின் மேலாக நிறுத்தி, திறப்பை மட்டும் எல் வடிவில் வெட்டி எடுங்கள். ஜாயின்ட் கதவு ஓரத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளி, கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் தலைக்கட்டையின் மேல் வரட்டும். போர்டு கொஞ்சம் வீணாகும், ஆனால் ஏலகிரிக்கு ஆள் அனுப்பிப் பழுது பார்க்கிற செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கும் இதே விதி.

நிற்கிற கட்டடத்தில் 600 மி.மீ. இடைவெளியில் ஸ்டட் (போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டம்) போதும், லாரி ஏறும் வீட்டுக்கு 400 வையுங்கள். 25 மி.மீ. ஸ்க்ரூ, நடுவில் 300 மி.மீ. இடைவெளி, போர்டு ஓரங்களிலும் திறப்புகளைச் சுற்றியும் 200. ஸ்க்ரூத் தலை தாளைக் கிழிக்காமல் மயிரிழை உள்ளே போக வேண்டும், தாள் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்றே அர்த்தம். ஸ்டட்டில் போர்டு வைக்குமுன் ஒரு கோடு கட்டுமானப் பசையும் இழுத்துவிடுங்கள். தொழிற்சாலை வீடுகளில் ஸ்க்ரூவைவிட இந்தப் பசைதான் சட்டத்தையும் போர்டையும் ஒன்றாக அசைய வைக்கிறது. சுவரும் சீலிங்கும் சேர்கிற கோணத்தில் மட்டும் கொஞ்சம் இளக்கம் நல்லது: சீலிங் போர்டை முதலில் ஏற்றி, கோணத்திலிருந்து 200 மி.மீ.க்குள் ஸ்க்ரூவும் பசையும் போடாமல், அதன் ஓரத்தைச் சுவர்ப் போர்டின் தலையில் உட்கார வையுங்கள். உள்கோணத்துக்குப் பேப்பர் டேப்தான், வலை வேண்டாம். வெளிக்கோணத்துக்குத் தாள் ஒட்டின இரும்புப் பட்டையைக் கம்பவுண்டில் பதியுங்கள். ஆணி அடிக்கிற பட்டை குலுக்கலில் ஓரம் விட்டுவிடும்.

யூனிட்டை எந்த இடங்களில் தாங்கி நிறுத்தி டேப் போட்டீர்களோ, லாரியிலும் மலையிலும் அதே இடங்களில்தான் தாங்க வேண்டும். ஷெட்டில் தரை ஏறுக்குமாறாக இருந்து, வளைந்த நிலையிலேயே ஜாயின்ட் இறுகிவிட்டால், அங்கே போய் லெவல் பிடித்ததும் எல்லா ஜாயின்ட்டும் ஒரே நேரத்தில் திறக்கும். லெவல் டியூப் பிடித்து நிறுத்தியபிறகே போர்டு வேலை ஆரம்பிக்கட்டும். கிரேன் தூக்கும்போது நான்கு மூலைக் கயிறும் நடுவில் ஒரே கொக்கியில் சேர்ந்தால், யூனிட்டின் தலை உள்பக்கம் நசுங்கும். மேலே குறுக்குக் கட்டை வைத்து, கயிறு செங்குத்தாக இறங்கும்படி தூக்கச் சொல்லுங்கள். கதவுத் திறப்பில் மூலைவாக்கில் ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக முடுக்கி அனுப்புங்கள், இறக்கி லெவல் பார்த்தபிறகு கழற்றலாம். ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் லாரியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் கதவுத் திறப்பு கோணாமல் தடுப்பது இந்தக் குழாய்தான்.

இரண்டு யூனிட்டும் சேர்கிற கோட்டை ஷெட்டில் மூடவே கூடாது. இருபுறமும் ஒரு அடி அகலத்துக்குப் போர்டு அடிக்காமல் விட்டுவைத்து, மேலே லெவல் பார்த்து போல்ட் முடுக்கியபிறகு அடையுங்கள். அந்த இடத்தில் டேப்பைவிட ஒரு மூடுபட்டை எனக்குப் பிடிக்கும். 20 அடி, அதாவது 6 மீட்டர் இரும்பு, 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும், தனித்தனியாக நீளும் இரண்டு பெட்டிகளைத் தாளால் கட்டிப்போடுவது வீண் பிடிவாதம். அமெரிக்காவில் சக்கரம் வைத்து இழுத்துப்போகும் வீடுகளில் வெகுகாலம் உள்சுவர் முழுக்கவே வினைல் ஒட்டின ஜிப்சம் போர்டு, ஜாயின்ட்டின் மேல் மெல்லிய பட்டை என்றுதான் இருந்தது, டேப்பே கிடையாது. அழகில் கொஞ்சம் குறைவு, பயணத்தில் பிரச்சினை இல்லை.

குளியலறையிலும் வெளிச்சுவரிலும் இருக்கும் சிமென்ட் போர்டுக்கு இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. ஈரத்துக்கு அது விரிந்து சுருங்கும், ஜிப்சம் கம்பவுண்ட் அதில் நிற்காது. காரம் தாங்கும் கண்ணாடி வலையும், அந்தப் போர்டு கம்பெனி சொல்கிற பாலிமர் ஃபில்லரும்தான் வேண்டும். இல்லையென்றால் இடைவெளி விட்டு பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் அடியுங்கள்.

அளவு கேட்கவில்லை, இருந்தாலும் வாங்கும்போது உதவும். உங்கள் ஒரு யூனிட்டில் சீலிங், சுவர், குளியலறைத் தடுப்பு எல்லாம் சேர்த்து சுமார் 750 சதுர அடி போர்டு வரும். அதற்கு 80 முதல் 90 மீட்டர் டேப், எல்லாக் கோட்டுக்கும் சேர்த்து 25 முதல் 30 கிலோ பவுடர். இதைவிட ரொம்பக் கூடினால் போர்டு லெவல் இல்லாமல் கம்பவுண்டால் நிரப்புகிறார்கள் என்று அர்த்தம். ரொம்பக் குறைந்தால் டேப்புக்கு அடியில் சரக்கு இல்லை.

ஏற்கெனவே மலையில் விரிந்து நிற்கும் காட்டேஜில் மேலோடு பட்டி இழுத்து மறைக்க வேண்டாம். முதலில் லெவலைச் சரிபார்த்து, விரிசலின் இருபக்கமும் பென்சிலால் குறியிட்டு ஒரு வாரம் விடுங்கள். குறி நகரவில்லை என்றால் வலையையும் பட்டியையும் இருபக்கமும் 2 அங்குலம் தாள் தெரியும்வரை சுரண்டுங்கள். போர்டின் தாள் கிழிந்த இடத்தில் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் கம்பவுண்டின் ஈரத்தில் அது உப்பும். தளர்ந்த ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் புது ஸ்க்ரூ போட்டு, பேப்பர் டேப்பை இறுகும் வகையில் பதியுங்கள். கதவுக் கோட்டில் ஜாயின்ட் இருக்கும் இடங்களில் மட்டும் சுரண்டி நேரத்தை வீணாக்காமல், அந்தப் போர்டையே கழற்றி எல் வடிவில் புதிது போட்டுவிடுங்கள். குறி நகர்ந்துகொண்டே இருந்தால் அஸ்திவாரத் தூணைப் பாருங்கள். அது நிற்கும்வரை டேப்பைத் தொட வேண்டாம்.